விருதுநகரிலிருந்து நாகர்கோவிலுக்கு

சோமனூருக்கு ரயிலில் வருகிறவர்களுக்கு ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் படும். கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே வண்டி நின்று, இறங்கி, மூட்டையைக் கீழே வைத்து ஒரு மூச்சு விட்டோமானால், எங்கிருந்தோ கடகடவென்று ஓர் ஓசை வந்து சேரும். விசைத்தறி ஓசைதான். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு அதுவே தாலாட்டு. மின்சாரம் நின்று ஓசை அடங்கினால்தான் அவை திடுக்கிட்டு விழித்துக்கொண்டு அழும்.

1967-ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு நாள், மின்சாரம் இருக்கும்போதே எங்கள் பெரியப்பா தம்முடைய நான்கு தறிகளையும் நிறுத்திவிட்டார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், தறிக்குடோனின் வாசற்படியில் அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"யாருக்கு என்னாச்சுங்க பெரீப்பா?" என்றேன்.

"காமராஜர் தோத்துட்டாரு கண்ணு" என்றார் அவர். அதற்கு மேல் அன்றைக்கு அவர் யாரிடமும் பேசவில்லை.

விருதுநகர், அவர் பிறந்த ஊர். அந்த ஊர்த் தொகுதியிலேயே, பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். அப்போது அவர் அகில இந்தியக் காங்கிரஸின் தலைவர். ஒன்பது வருஷத்துக்கு மேல் சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக இருந்தவர். மூன்று வருஷங்களுக்குள் இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தை முன்னின்று நடத்தியவர்.

சென்ற மாதம் ஒரு நண்பர், காமராஜர் செய்த காரியங்களிலே எது பெரிது என்று என்னைக் கேட்டார். இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மூன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது ஒன்று. அணைகள் கட்டியது இன்னொன்று. கீழ்பவானி அணை 1955-ல் முடிந்தது அவர் ஆட்சியில்தான் என்பதை எங்கள் கொங்கு நாட்டு விவசாயிகள் மறக்கமாட்டார்கள். மூன்றாவது, பிரதம மந்திரிப் பதவி கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தும் அதை வேண்டாம் என்று விட்டது. நண்பர் இந்த மூன்றாவதைத்தான் எதிர்பார்த்தார். நான் வேறு பதில் சொன்னேன். "நாகர்கோவில்" என்றேன். நண்பர் விழித்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

முதலில் அந்த மறுப்பைப் பற்றிப் பார்த்துவிடலாம். 1963-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, காமராஜர் முதன் மந்திரி பதவியை விட்டு இறங்கினார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வரவேண்டும் என்ற அவருடைய யோசனைக்குக் 'காமராஜ் திட்டம்' என்று பெயர் வந்தது. அதன்படி ஆறு முதன் மந்திரிகளும், மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி உள்ளிட்ட ஆறு மத்திய மந்திரிகளும் பதவி விலகினார்கள். யோசனை சொன்னவரே முதல் ஆளாக இறங்கியதால்தான் மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் கூடிய காங்கிரஸுக்கு அவர் தலைவரானார். ஐந்து மாதத்துக்குள், மே 27-ஆம் தேதி, நேரு மறைந்தார்.

அடுத்தது யார் என்ற கேள்வி அப்போது உலகத்துக்கே இருந்தது. காமராஜர் கட்சியின் பார்லிமெண்ட் அங்கத்தினர்களையும் முதன் மந்திரிகளையும் ஒவ்வொருவராகக் கண்டு பேசினார். எல்லாருடைய மனத்தையும் எடைபோட்டு, சாஸ்திரி என்று முடிவு சொன்னார். 1966 ஜனவரி 11-ஆம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரியும் இறந்தபோது மறுபடியும் அதே வேலை. இந்தத் தடவை மொரார்ஜி விட்டுக்கொடுக்கவில்லை. போட்டி நடந்தது, இந்திரா காந்திக்கு 355 ஓட்டு, மொரார்ஜிக்கு 169. நீங்களே பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காமராஜரிடம் கேட்டவர்கள் அப்போது இருந்தார்கள். இந்தியும் ஆங்கிலமும் சரளமாக வராத ஒருவர் இந்த தேசத்துக்குப் பிரதம மந்திரியாக இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம் என்பார்கள்.

அந்தக் காரணத்தோடு இன்னொன்றும் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நான்கு பேருக்குச் சொத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்க ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவராக அழைக்கிறோம். அவர் கடைசியில், "இந்தத் தோட்டம் எனக்கே இருக்கட்டும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சட்டத்தில் இடமிருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் யாரையும் நடுவராக அழைக்கமாட்டார்கள். காமராஜர் இதை உணர்ந்தவர். ஆகவே மறுத்தார்.

பெரிய குணம்தான்; சந்தேகமில்லை. ஆனால் வாசகர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கவேண்டும். உயர இருக்கும்போது ஒன்றை வேண்டாம் என்று சொல்வதில் ஒரு கௌரவம் உண்டு. சொன்ன மாத்திரத்தில் நாடு கை தட்டுகிறது. கீழே விழுந்த பிறகு, "எனக்கு ஒன்று வேண்டும், தாருங்கள்" என்று தெருத்தெருவாகப் போய்க் கேட்பதில் என்ன கௌரவம் இருக்கிறது? அதைச் செய்வதற்கு வேறு விதமான மனசு வேண்டும். அந்த மனசைத்தான் நான் நாகர்கோவிலில் பார்க்கிறேன்.

1967 தேர்தலில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் விழுந்த விழுச்சி சாமானியமானதல்ல. லோக்சபைக்கு இருந்த 39 இடங்களில் தி.மு.க. 25 பெற்றது, காங்கிரஸுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. அரிசித் தட்டுப்பாடு ஒரு காரணம். 1965-ல் நடந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி இன்னொரு காரணம். எங்கள் பக்கத்துப் பொள்ளாச்சியில் அந்தப் பிப்ரவரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி, கண்ணால் கண்டவர்கள் வெகு நாள் வரைக்கும் குரலைத் தாழ்த்தியே பேசுவார்கள்.

பொள்ளாச்சி என்றதும் இன்னொருவர் நினைவு வருகிறது. அந்தத் தாலூகாவில் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், எங்கள் கொங்கு நாடு டில்லிக்கு அனுப்பிய பெரிய மனிதர். மத்திய சர்க்காரின் உணவு மந்திரியாக இருந்து, புதிய கோதுமை விதைகளைக் கொண்டுவந்து, பசுமைப் புரட்சிக்கு வழி செய்தவர். அவரும் அதே தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். காமராஜருக்கும் இவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1954-ல் ராஜாஜி முதன் மந்திரி பதவியிலிருந்து விலகியபோது, சட்டசபைக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்றவர் சுப்பிரமணியம். காமராஜருக்கு 93 ஓட்டு, இவருக்கு 41. ஜெயித்த காமராஜர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தோற்ற சுப்பிரமணியத்தைத் தம்முடைய மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டது. எட்டே பேர் கொண்ட மந்திரி சபை அது.

அதே 1954-ல் நடந்த இன்னொரு சங்கதிதான் நம் கதைக்கு முக்கியம். அப்போது காமராஜர் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினர் அல்ல; ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லோக்சபைக்குப் போயிருந்தவர். முதன் மந்திரியாக நீடிக்க வேண்டுமானால் சட்டசபையிலோ மேல்சபையிலோ இடம் வேண்டும். மேல்சபைக்கு நியமனம் பெற்று வருவது சுலபமான வழி. 1952-ல் ராஜாஜி வந்தது அப்படித்தான். காமராஜர் அந்த வழியை எடுக்கவில்லை. குடியாத்தத்தில் இடைத்தேர்தல் வந்தது. அங்கே நின்று, ஓட்டுக் கேட்டு, ஜெயித்து வந்தார்.

இனி 1968-க்கு வருவோம். தோற்ற பிறகும் காமராஜர் சும்மா இருக்கவில்லை. தோற்ற மறு மாதமே, இந்திரா காந்தி பிரதம மந்திரி, மொரார்ஜி துணைப் பிரதம மந்திரி என்று சமரசம் செய்துவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் அந்த வருஷ முடிவோடு காங்கிரஸ் தலைமையும் அவரை விட்டுப் போயிற்று, நிஜலிங்கப்பா தலைவரானார். இப்போது அவர் கையில் மந்திரி பதவி இல்லை, கட்சித் தலைமை இல்லை, எந்தச் சபையிலும் ஒரு நாற்காலி இல்லை. அறுபத்தைந்து வயது. தனி மனிதர், குடும்பம் என்று ஒன்று இல்லாதவர்.

அந்தச் சமயத்தில், 1968 ஜூனில், நாகர்கோவில் எம்.பி.யான மார்ஷல் நேசமணி காலமானார். காங்கிரஸ் ஜெயித்திருந்த மூன்று இடங்களில் அது ஒன்று. அங்கே காமராஜர் நிற்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

நிற்கலாமா, வேண்டாமா? அவர் எப்படியெல்லாம் யோசித்திருப்பார் என்று நான் பல தடவை எண்ணிப் பார்த்ததுண்டு. நிற்காமலிருக்க நியாயங்கள் நிறைய. இன்னொரு தடவை தோற்றால் அதோடு அரசியல் வாழ்வு முடிந்தது. ஜெயித்தாலும் என்ன? பிரதம மந்திரிகளை உண்டாக்கியவர் லோக்சபையில் ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவராக உட்காரவேண்டும். டில்லிக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் ராஜ்யசபை இருக்கவே இருக்கிறது. இந்திரா காந்தியே 1966-ல் பிரதம மந்திரியானபோது ராஜ்யசபை அங்கத்தினர்தானே? அதில் குறை சொன்னவர் யார்?

காமராஜர் குடியாத்தத்தில் எடுத்த வழியைத்தான் நாகர்கோவிலிலும் எடுத்தார். ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்கிவிட்டார்கள். ஏறுவதானால் அவர்கள் ஓட்டுப் போட்டே ஏறவேண்டும். இடைத்தேர்தல் 1969 ஜனவரியில் என்று ஏற்பாடாயிற்று. நமது ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியதும் அதே மாதத்தில்தான்.

செய்தி சோமனூருக்கு வந்ததும், பெரியப்பாவுக்குச் சந்தோஷம் வரும் என்று நான் நினைத்தேன். கோபம் வந்தது!

"எதுக்குக் கண்ணு இந்த வேலை? மேல ஒக்காந்து மத்தவனுக்கெல்லாம் எடம் காட்டுன மனுசன். இன்னைக்கு ஊர் பேர் தெரியாத எடத்துல போயி ஊடூடா நின்னு கும்புடறதா? தோத்தா ஊட்டுல இருக்கோணும். அதுதான் மானம்" என்று டீக்கடையில் எல்லார் முன்னிலும் சத்தம் போட்டார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். பெரியப்பா 1960-லிருந்து எங்கள் பஞ்சாயத்துக்குத் தலைவராக இருந்தவர். தெரு விளக்கும் குடிதண்ணீர்க் குழாயும் அவர் காலத்தில் வந்தவை. 1965 தேர்தலில் தோற்றார். அன்றிலிருந்து அவர் பஞ்சாயத்து ஆபீஸ் இருக்கும் தெருவில் நடந்ததில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போவதானால்கூடச் சுற்றிக்கொண்டு நொய்யல் பக்கமாகப் போவார். அந்த நான்கு வருஷமும் அவர் மானத்தோடுதான் இருந்தார். ஆனால் நடமாட இடமில்லாமல் இருந்தார்.

அவர் "ஊர் பேர் தெரியாத இடம்" என்றாரே, அதில் ஒரு தவறு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் காமராஜர் அந்நியர் அல்ல. திருவாங்கூர் - கொச்சி ராஜ்யத்தில் இருந்த தமிழ்த் தாலூகாக்கள் 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது முதன் மந்திரியாக இருந்தவர் அவர். அந்தத் தாலூகாக்களைச் சேர்க்கவேண்டும் என்று போராடிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் நேசமணி. ஆகவே, வந்து சேர்ந்த ஜனங்களின் தலைவர் காலி செய்த இடத்துக்கு, அவர்களை வரவேற்ற முதன் மந்திரி ஓட்டுக் கேட்டுப் போனார்.

ஆனாலும் அது சுலபமான தேர்தல் அல்ல. ராஜ்யத்தில் ஆட்சி எதிர்க் கட்சியின் கையில் இருந்தது. இடைத்தேர்தல் என்பதால் நாட்டுப் பத்திரிகைகளின் கண்ணெல்லாம் ஒரே தொகுதியின் மேல். அவர் தோற்றிருந்தால் இன்றைக்கு நாம் அவரை நினைக்கும் விதமே கொஞ்சம் மாறியிருக்கும். "ஆசை விடவில்லை" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள்.

தோற்கவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். விருதுநகரில் தோற்று இரண்டு வருஷம்கூட நிரம்பவில்லை.

இதோடு கட்டுரையை முடித்தால் சினிமாப் படம் மாதிரி நன்றாகத்தான் இருக்கும். சரித்திரம் அந்த உபகாரத்தைச் செய்வதில்லை. நாகர்கோவில் ஜெயத்தால் காமராஜருக்கு டில்லியில் கிடைத்தது என்ன? அந்த வருஷமே காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. ஜூலை மாதம் பெங்களூரில் கூடிய கட்சிப் பெரியவர்கள், காமராஜர் உள்பட, ராஷ்டிரபதி பதவிக்குச் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் வி. வி. கிரி ஜெயித்தார். நவம்பரில் கட்சி பிளந்தது. காமராஜர் இருந்தது பழைய காங்கிரஸ் பக்கம், தோற்கப்போகிற பக்கம். சி. சுப்பிரமணியம் இந்திரா பக்கம் போய், அந்தப் பிரிவுக்கு இடைக்காலத் தலைவராகவும் இருந்தார்.

1971 தேர்தலில் இந்திரா காங்கிரஸுக்கு 352 இடம். பழைய காங்கிரஸுக்கு தேசம் முழுவதிலும் 16. தமிழ்நாட்டில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம்; அது நாகர்கோவில். சுப்பிரமணியம் கிருஷ்ணகிரியில் ஜெயித்து மறுபடியும் மத்திய மந்திரியானார்; பின்னால் நிதி மந்திரியாகவும் இருந்தார். காமராஜர் எதிர்க் கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிறவர்கள், 1969-ல் அவர் போனது வீண் என்றுதான் சொல்லவேண்டும். 1966-ல் கேட்காமலே வந்ததை வேண்டாம் என்றவர், 1969-ல் கேட்டு வாங்கியதோ எதிர் வரிசையில் ஓர் ஆசனம். மொரார்ஜியோ பொறுத்திருந்து, 1977-ல் எண்பத்தொரு வயதில், பிரதம மந்திரியே ஆனார். பொறுத்தவர் பூமி ஆள்வார் என்பது அவர் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து பலித்தது. காமராஜருக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஆனால் நான் வேறு கணக்குப் பார்க்கிறேன். ஜனநாயகம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அதில் தோற்றவன் என்ன செய்யவேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜெயித்தவனுக்கு மாலை உண்டு, கார் உண்டு. தோற்றவனுக்கு? வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது ஒரு வழி. ஜனங்கள் நன்றி கெட்டவர்கள் என்று திட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வழி. பின்பக்கமாக ஏறி வருவது மூன்றாவது வழி. தள்ளிவிட்ட ஜனங்களிடமே திரும்பப் போய், முன்னைவிடச் சிறிய இடத்தைக் கேட்பது நான்காவது. அது கடினமானது, எல்லாவற்றையும்விட மரியாதையானது. ஓட்டுப் போடுகிறவனுக்குச் செய்கிற மரியாதை அது. "என்னை வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருந்தது, வேண்டும் என்று சொல்லவும் உரிமை இருக்கிறது" என்று சொல்லாமல் சொல்லுவது.

வயதானவர்கள் எல்லாரும் கடைசி மட்டும் தேர்தலில் நின்றுகொண்டே இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாற்காலியை விட மனமில்லாமல் நிற்கிறவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். காமராஜர் அந்த ரகம் அல்ல என்பதற்கு 1963-ம் 1966-ம் சாட்சி. விடத் தெரிந்தவர் கேட்டதனால்தான் அந்தக் கேள்விக்கு ஒரு கனம் இருந்தது.

நாகர்கோவில் முடிவு வந்த அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் பட்டாசு வெடித்தார்கள். பெரியப்பா வெளியே வரவில்லை. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "அந்த வயசுல, அந்த வெயில்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

1970-ல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. பெரியப்பா நின்றார். தலைவர் பதவிக்கல்ல, எங்கள் வார்டு அங்கத்தினர் இடத்துக்கு. துண்டுப் பிரசுரங்களைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். ஐந்து வருஷமாக நடக்காத தெருவில் அவர் முதல் முதலாக நடந்தார். அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு கிழவியைக் கும்பிட்டார்.

"வாங்க, இத்தனை நாளு எங்கீங்க போயிருந்தீங்க?" என்றாள் அவள்.

"இங்கதாங்க ஆத்தா இருந்தேன்" என்றார் பெரியப்பா.

பதினோரு ஓட்டில் தோற்றார். அன்று சாயங்காலமே டீக்கடைக்கு வந்து, ஜெயித்த பையனுக்குத் தம் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் மாரியம்மன் கோயிலுக்குப் போவதற்கு நொய்யலைச் சுற்றவில்லை.

1975-ல், அவசர நிலைக் காலத்தில், அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் காலமானார். முதன் மந்திரி பதவியை விட்டு இறங்கிய அதே காந்தி ஜயந்தி நாள். அன்றைக்கும் பெரியப்பா தறிகளை நிறுத்தினார். ஆனால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்காரவில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்து போய், அங்கே கூடியிருந்தவர்களோடு நின்றார்.